படுத்திருப்பவரின் கண்மட்டம்

அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது ஒரு சோபாவால். சோபா செப்பனிடும் பட்டறையில் அவருக்கு வேலை. பழைய துணியைக் கிழித்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் பஞ்சையும் மாற்றி, புதுத்துணி தைத்து மூடுவார். அன்றைக்கு மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றை ஒரு முனையில் அப்பாவும் மறுமுனையில் ஆணி அடிக்கும் நண்பரும் பிடித்திருந்தார்கள். கடைசி நொடியில் நண்பர், "இருங்க, எனக்குப் பிடி சரியா இல்ல" என்று கத்தியிருக்கிறார். அப்பாவுக்குக் காது கேட்காது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இரண்டு கைகளிலும் சோபா இருக்கும்போது ஒரு மனிதர் வேறு எப்படித்தான் சொல்வது? அப்பா தூக்கினார். நண்பர் தூக்கவில்லை.

முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியிருக்கிறது, சில வாரங்கள் தரையில் மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும், கழிப்பறைக்கு மட்டும் எழுந்துகொள்ளலாம் என்றார் மருத்துவர். அதை நான் கைகளால் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா என்னிடம் ஒன்று கேட்டார். என்ன கேட்கிறார் என்றார் மருத்துவர். தையல் மெஷினைப் படுத்துக்கொண்டே ஓட்டலாமா என்று கேட்கிறார் என்றேன். மருத்துவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அந்த மாதத்தில் அவர் கைகள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

என் அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. எனக்குக் கேட்கும். நான் முதலில் பேசியது கையால்தான். வாய் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் பேசுவதற்கு வெளிச்சம் வேண்டும், கை காலியாக இருக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் இருப்பதெல்லாம் ஆறிப்போகும். பேசினால் சாப்பிட முடியாது, சாப்பிட்டால் பேச முடியாது. அவர்கள் எப்போதும் பேச்சையே தேர்ந்தெடுத்தார்கள். விளக்கை அணைத்த பிறகும் ஒருவர் உள்ளங்கைக்குள் மற்றவர் விரலை வைத்துப் பேசுவார்கள் என்று அம்மா ஒருமுறை வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

அம்மா போன வருஷம் இறந்தாள். அதற்குப் பிறகு அப்பாவின் கைகள் துணி வெட்டின, ஊசி கோத்தன, சோறு பிசைந்தன. பேசவில்லை. நான் ஏதாவது கேட்டால் கட்டைவிரலை உயர்த்துவார், அல்லது தலையை ஆட்டுவார். அதுவும் பிடிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வார். காது கேட்கும் வீடுகளில் இந்த வசதி கிடையாது. கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாலும் அடுத்தவர் சொல்வது காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். அப்பா கண்ணை மூடினால் நான் இந்த உலகத்திலேயே இல்லாமல் போய்விடுவேன்.

ஆகவே எனக்கு இருந்த பயம் அவர் இடுப்பைப் பற்றியது அல்ல. இடுப்பு சரியாகிவிடும் என்று மருத்துவரே சொல்லியிருந்தார். இந்தக் கைகள் இப்படியே, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரேயடியாக நின்றுவிடும் என்று பயந்தேன். அப்படி நின்றுவிட்டால் எங்கள் வீட்டுக்கே உரிய கைமொழியைப் பேச உலகத்தில் என்னைத் தவிர யாரும் மிஞ்ச மாட்டார்கள். ஒரே ஒரு ஆள் பேசுகிற மொழி என்று ஒன்று உண்டா என்ன?

அவரைக் கூடத்தில் மெல்லிய மெத்தை ஒன்றைப் போட்டுப் படுக்கவைத்தேன். என் அறை கூடத்தை ஒட்டியது. என் வேலையும் அந்த அறையில்தான். காது கேளாதவர்கள் வங்கிக்கோ, மருத்துவமனைக்கோ, மின்வாரியத்துக்கோ பேச வேண்டுமென்றால் காணொளியில் எங்கள் மையத்தை அழைப்பார்கள். திரையில் அவர்கள் கையால் சொல்வதை நான் வாயால் மறுமுனைக்குச் சொல்வேன். மறுமுனை சொல்வதைக் கையால் திருப்பிச் சொல்வேன். பின்னால் சுவரில் நீலத்துணி, தலையில் ஒலிவாங்கி வைத்த ஹெட்போன், முகத்துக்கு நேராக ஒரு விளக்கு. ஒரே ஒரு விதி உண்டு. என் சொந்தச் சொல் எதுவும் நடுவில் வரக்கூடாது. ஒரு பெண் தன் மகன் இறந்துபோனதை அழுதுகொண்டே சொன்னாலும், நான் "ஐயோ" என்று சொல்ல முடியாது. அவள் "ஐயோ" என்றால் மட்டும் நானும் "ஐயோ" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேலையை ஆலயத்தில் சம்பளமில்லாமல் செய்வேன். போதகர் பேசப் பேச, பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நின்று கைகளால் சொல்வேன். தூணுக்கு அருகில் ஒரு வரிசை எங்களுடையது. எங்கள் ஆட்களுக்குப் பெயரெல்லாம் கையில்தான். வெயிலிலும் குடையோடு வருகிறவர் குடை. பிரசங்கம் நீண்டால் மணிக்கட்டைப் பார்க்கிறவர் வாட்ச். கன்னத்தைத் தொட்டால் மச்சம், அவள் வாட்ச்சின் மனைவி. போதகரை விரலால் கண்ணாடி துடைப்பதுபோல் காட்டுவோம். என் பெயர் தும்மல். குழந்தையில் நிறையத் தும்முவேனாம்; இன்றைக்கும் எங்கள் வரிசையில் யாராவது மூக்கைச் சுருக்கித் தலையை ஆட்டினால் நான்தான் திரும்பிப் பார்ப்பேன்.

அந்த வாரம் போதகர் ஞாயிறு வாசிப்பைப் போனில் சொன்னார். குளத்தங்கரையில் முப்பத்தெட்டு வருஷம் படுத்துக்கிடந்த மனிதனின் கதை. "உனக்குத்தான் இதெல்லாம் தண்ணி பட்ட பாடாச்சே" என்று சிரித்தார். உண்மைதான். சிறுவயதிலிருந்து தெரிந்த கதை. குளத்தைச் சுற்றி மண்டபங்கள். மண்டபம் நிறைய நோயாளிகள். எப்போதாவது ஒரு தேவதூதன் வந்து தண்ணீரைக் கலக்குவான். கலங்கிய உடனே முதலில் இறங்குகிறவனுக்கு எந்த நோயாக இருந்தாலும் குணமாகிவிடும். இந்த மனிதனால் முதலில் இறங்க முடிந்ததே இல்லை. இயேசு வந்து, சுகமாக விரும்புகிறாயா என்று கேட்கிறார். தண்ணீர் கலங்கும்போது என்னைத் தூக்கிப் போய்க் குளத்தில் விட எனக்கு ஒருவரும் இல்லை, நான் போவதற்குள் வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்கிறான் அவன். எழுந்து உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட என்கிறார். நடக்கிறான்.

எனக்கு இந்தக் கதை பிடிக்காது. அந்தக் கேள்விதான் காரணம். முப்பத்தெட்டு வருஷமாகப் படுத்திருப்பவனிடம் சுகமாக ஆசையா என்று கேட்பார்களா? கேட்ட பிரசங்கங்களிலெல்லாம் அது அவனுடைய மனஉறுதிக்கு வைத்த பரீட்சை என்றார்கள். அது எனக்கு இன்னும் பிடிக்காது. ஆனால் எனக்குப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. என் வேலை கை.

கையால் கதை சொல்லும்போது ஒரு வசதி உண்டு, ஒரு கஷ்டமும் உண்டு. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை ஒளிக்க முடியாது. புத்தகம், கேட்டார் என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடும். நான் அவர் எங்கே நின்று, எந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார் என்று உடம்பால் காட்டியாக வேண்டும். நான் எப்போதும் செய்வது இதுதான்: இயேசுவாக இருக்கும்போது நிமிர்ந்து நின்று இடதுபக்கம் கீழே பார்ப்பேன். அந்த மனிதனாக இருக்கும்போது தோளைக் குறுக்கி வலதுபக்கம் மேலே பார்ப்பேன். குடையும் மச்சமும் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரு குறையும் யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கு எனக்கு அழைப்பு முறை மதியத்துக்குமேல்தான் என்பதால், காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். மார்பில் கையை வைத்து, அதை வெளியே இழுத்து, புருவத்தை உயர்த்தி. எங்கேயோ கொஞ்சம் கேலிபோல் வந்தது. மறுபடி. மறுபடி. கை பழகிவிட்டதும் அப்பாவுக்குச் சாப்பாடு வேண்டுமா என்று கேட்கக் கூடத்துக்குப் போனேன்.

அவர் கண்களை மூடியிருந்தார். தூங்கவில்லை, தூங்கும்போது அவர் வாய் லேசாகத் திறந்திருக்கும். எங்கள் வழக்கப்படி தரையைக் காலால் ஒருமுறை உதைத்தேன். அதிர்வு முதுகில் தட்டியிருக்க வேண்டும். கண்ணைத் திறந்தார். நான் கேட்டேன். அவர் முகத்தைச் சுளித்து, விரலால் தன் முகத்தைச் சுற்றிக் காட்டினார். முகம் இருட்டு என்று அர்த்தம். நான் ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவருக்கு நான் ஒரு கறுப்பு உருவம். சரி என்று அவர் தலைமாட்டுப் பக்கம் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் என் கைகள் அவருக்குத் தலைகீழ். கால்மாட்டுக்குப் போனேன். என்னைப் பார்க்க அவர் கழுத்தைத் தூக்க வேண்டியிருந்தது, தூக்கினால் இடுப்பில் வலி. மண்டியிட்டுக் குனிந்து அவர் முகத்துக்குமேல் கைகளை அசைத்தேன். அடிக்க வருவதுபோல் இருந்திருக்கும். கண்ணை மூடிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நாளெல்லாம் முகம் தெரியாத மனிதர்களுக்குக் கை வலிக்க வலிக்கப் பேசுகிறேன். பெற்ற அப்பாவிடம் சாப்பாடு வேண்டுமா என்று கேட்க ஒரு இடம் கிடைக்கவில்லை. அழுகையும் வந்தது. அப்படியே அவர் பக்கத்தில் தரையில் ஒருக்களித்துப் படுத்துவிட்டேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான். ஓடு குளிர்ச்சியாக இருந்தது.

அங்கிருந்து பார்த்தபோது அது எங்கள் வீடு இல்லை. மேஜைக்கு அடிப்பக்கம் என்று ஒன்று இருந்தது. பெயின்ட் அடிக்காத மரம், யாரோ பென்சிலால் போட்ட ஒரு அம்புக்குறி. மின்விசிறி இறக்கைகளின் மேல்பக்கத்துத் தூசி ஓரங்களில் தொங்கியது. நாற்காலிகளுக்குக் கால்கள் மட்டுமே இருந்தன. இந்த நாட்களில் இவர் பார்த்த நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். இரண்டு கால்கள் வரும், நிற்கும், போகும்.

அப்பா தலையைத் திருப்பினார். எங்கள் இரண்டு முகங்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. நான் சாப்பாட்டைத்தான் கேட்க நினைத்தேன். ஆனால் காலையிலிருந்து பழகிய கை அதுபாட்டுக்கு வேறொன்றைக் கேட்டுவிட்டது. மார்பிலிருந்து இழுத்து, புருவத்தை உயர்த்தி:

"நல்லாகணும்னு ஆசையா இருக்கா?"

கேலியாக வரவில்லை. படுத்துக்கொண்டு கேட்கும்போது அந்தக் கேள்வியைக் கேலியாகக் கேட்கவே முடியாது போலிருக்கிறது.

அப்பாவுக்கும் தெரிந்த கதைதான். அம்மாவோடு அந்தத் தூணருகே எத்தனையோ வருஷம் உட்கார்ந்திருக்கிறார். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டாரோ என்னவோ. அவருடைய கைகள் மெதுவாக மார்பைவிட்டு எழுந்து, மல்லாந்தவாக்கில் காற்றில் நின்றன.

"பேசுறதுக்கு ஆள் இல்ல."

கையில் நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் ஒரே விரல்தான். ஆனாலும் அப்பாவிடம் சொன்னதை நீ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. "நான் இருக்கேனேப்பா, உங்க கூடவே இருக்கேனே" என்றேன்.

"இருக்க. சாப்பாடு. மாத்திரை. டாக்டர். சொல்லிட்டுப் போயிடுற." அவர் விரல்கள் நடந்துபோகும் கால்களாகின. பிறகு என் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். அந்தக் கதவில் பாதிக்குமேல் உள்ளே தெரியாத சொரசொரப்புக் கண்ணாடி. "அதுல உன் கை நிழல் விழும். நீ வேலை பார்க்கிற நேரம் முழுக்கப் பார்த்துக்கிட்டே படுத்திருப்பேன். என்ன சொல்றேன்னு புரியாது. யாரோடயோ நல்லா பேசிக்கிட்டிருக்கன்னு மட்டும் தெரியும்."

எனக்குப் பதில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அது வேலை, அதில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை, அங்கே பேசுவது நானே இல்லை என்று. ஆனால் ஒருக்களித்துப் படுத்திருந்ததில் என் ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் கையால் பாதிப் பாதிச் சொற்கள்தான் வந்தன; வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல. அவருக்கோ இரண்டு கைகளும் சுதந்திரமாக இருந்தன. ஆகவே அவர்தான் பேசினார்.

பேசினார் என்றால் அப்படிப் பேசினார். மருத்துவமனையில் உதட்டசைவு தெரியாதபடி முகமூடியோடு வந்து அவரை உருட்டிப் புரட்டி ஸ்கேன் எடுத்தவரைத் திட்டினார். ஆணி அடிக்கும் நண்பர் தினமும் வந்து கால்மாட்டில் நின்று காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பதாகவும், தானும் அவர் காலைப் பார்த்துக்கொண்டு மன்னித்துக்கொண்டே இருப்பதாகவும் சொன்னார். மேல்வீட்டுக்காரர்கள் நாற்காலியை இழுத்தால் சுவர் வழியாகத் தரைக்கு வந்து தன் முதுகில் தெரிகிறதாம். அவர்கள் எத்தனை பேர், யார் குண்டு, யார் குழந்தை என்பதெல்லாம் இப்போது அத்துப்படியாம். கூரையின் ஈரக்கறை முதல் நாள் ஒரு கோழியாக இருந்து இப்போது போதகராக மாறிவிட்டது என்று கண்ணாடியைத் துடைத்துக் காட்டினார். நான் சிரித்தேன். அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பெயருக்கு அருகில் வரும்போதெல்லாம் கைகள் வேறு பக்கம் திரும்பின.

அதற்கிடையில்தான், அவர் கைகளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, அந்தக் குளத்தங்கரை எனக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு வருஷம் அவன் பார்த்தது கால்களை. அவசரமான கால்கள், தண்ணீர் சொட்டும் கால்கள், தள்ளிப் படு என்று தட்டிவிட்டுப் போகிற கால்கள். அவனைத் தாண்டி இறங்கினவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர்க்கு ஒரு நோவு, அவரவர்க்கு ஓர் அவசரம், என்னைப் போல. அங்கே ஒருவர் வருகிறார். நினைத்தால் ஒரு சொல்லில் எழுப்பிவிடக்கூடியவர். அப்படிப்பட்டவருக்குக் கேள்வி எதற்கு? பரீட்சை வைக்க அல்ல. அவனுக்குள் முப்பத்தெட்டு வருஷப் பேச்சு அடைந்துகிடந்தது. எழுந்து நடந்துவிட்டால் அதை யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் முதலில் கேட்டார். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு ஒருவரும் இல்லை என்றான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல் என்று அவர் அதட்டவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். நான் இத்தனை நாள் அவரை நிமிர்ந்து நிற்கவைத்துக் கேட்கவைத்திருக்கிறேன். நின்றுகொண்டு கேட்டிருக்கவே முடியாது. எந்தப் பக்கம் நின்றாலும் அவனுக்கு அவர் முகம் இருட்டு.

மதியத்தின் முதல் அழைப்பைத் தவறவிட்டேன். மேற்பார்வையாளர் போன் செய்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன் என்றேன். இதையெல்லாம் காரணமாக எழுத முடியாது, தலைவலி என்று போட்டுவிடுகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குத் துணையாக ஆணி அடிக்கும் நண்பரை உட்காரவைத்துவிட்டு ஆலயத்துக்குப் போனேன். அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு முடிவோடு போயிருந்தேன். வாசிப்பு தொடங்கியது. குளம், மண்டபங்கள், கலங்கும் தண்ணீர் எல்லாம் வழக்கம்போல் கையில் ஓடின. அந்தக் கேள்வி வந்ததும் மேடையின் தரையில் மண்டியிட்டு, உடம்பைச் சாய்த்து, முழங்கையை ஊன்றி, தரையோடு தரையாக ஒரு முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக எதையும் சொன்னதில்லை. ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. எங்கள் வரிசைக்கு முன்னால் இருந்த தலைகளுக்குக் கீழே நான் மறைந்துபோய்விட்டேன். குடை எழுந்து நின்று இரண்டு கைகளையும் வீசினார்: "எங்க போன?" வாட்ச் பெஞ்சுமேல் ஏறப் பார்த்தார், மச்சம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போதகர் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து, "காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்தியாம்மா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எழுந்து நின்றேன். சேலையைத் தட்டிக்கொண்டு, நிமிர்ந்து, இடதுபக்கம் கீழே பார்த்து அந்தக் கேள்வியை மறுபடி கேட்டேன், எப்போதும்போல. குடை திருப்தியாகத் தலையாட்டி உட்கார்ந்தார். பிறகு போதகர் அரைமணி நேரம், இது மனஉறுதிக்கு வைத்த பரீட்சை என்று பேசினார். நான் அதை ஒரு சொல் விடாமல் கைகளால் சொன்னேன். அதுதானே விதி. முடிந்து வெளியே வரும்போது என்னாச்சு என்று மச்சம் கேட்டாள். கால் வழுக்கிவிட்டது என்றேன். ஆலயத்துக்கு வெளியே எல்லாரும் கும்பல் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே நல்ல விஷயத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் நடந்து பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையறியாமல் மடியில் சிறியதாகக் கையை அசைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து நண்பரை அனுப்பினேன். இந்தமுறை இரண்டு கைகளும் காலியாக இருக்கும்படி அப்பாவுக்குப் பக்கத்தில் நானும் மல்லாந்து படுத்தேன். கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டு, கூரைக்குக் கீழே கைகளை உயர்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். என் சொந்தச் சொற்கள். குடை கை வீசியது, வாட்ச் பெஞ்சில் ஏறியது, அந்த அம்மா நெற்றியைத் தொட்டது. அப்பா சத்தமில்லாமல் சிரித்துக் குலுங்கினார். இடுப்பு வலித்தது, "நிறுத்து, நிறுத்து" என்று கையைக் காட்டினார், மறுபடி குலுங்கினார். அடங்கிய பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்புறம் அவன் எங்க போனான்?"

"யாரு?"

"குளத்துக்காரன்."

படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்தான் என்றேன்.

"நடந்து எங்க போனான்? எனக்கு ஆள் இல்லைன்னுதானே சொன்னான். காலு சரியாயிடுச்சு. ஆள் இல்லாதது அப்படியேதானே இருக்கு."

அதை நான் நினைத்ததே இல்லை. எல்லாப் பிரசங்கங்களும் அவன் நடந்ததோடு முடிந்துவிடும். எழுந்துபோய் பைபிளை எடுத்துவந்து படுத்துக்கொண்டே அதற்குமேல் வாசித்தேன். ஓய்வுநாளில் ஏன் படுக்கையைச் சுமக்கிறாய் என்று ஊர்ப் பெரியவர்கள் அவனைப் பிடித்து விசாரிக்கிறார்கள். யார் குணமாக்கியது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட்டத்தில் அவர் எப்போதோ போய்விட்டார். அதற்கடுத்து ஒரு வரி. இத்தனை வருஷம் கண்ணில் பட்டும் நின்று பார்க்காத வரி.

"தேவாலயத்துல இருந்திருக்கான்ப்பா. அவரே மறுபடி அவனைப் பார்த்துப் பேசியிருக்காரு."

"என்ன பேசினாரு?"

"இனிமே தப்புத்தண்டா பண்ணாத, இல்லைன்னா இதைவிட மோசமா ஏதாவது வந்துடும்னு."

அப்பா முகத்தை என் பக்கம் திருப்பினார். "திட்டினாரா?"

"திட்டின மாதிரிதான் இருக்கு."

அவர் கைகள் எழுந்தன. தையல்காரரின் கைகளுக்குரிய நிதானத்தோடு ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்தார். "அம்மா போனப்போ வீடு நிறைய ஆள். எல்லாரும் வந்தாங்க, ஒரு தடவை. நல்லபடியா பேசினாங்க. ரெண்டாவது தடவை தேடி வந்து திட்டுறது யாரு? வேண்டியவங்கதான் திட்டுவாங்க. அப்ப அவனுக்கு ஆள் கிடைச்சிடுச்சு."

நான் பைபிளை மார்பில் கவிழ்த்துவைத்தேன். ஜன்னல் வெளிச்சம் அவர் கைகள்மேல் விழுந்திருந்தது. வலதுகையின் இரண்டு விரல்கள் தயங்கித் தயங்கி நெற்றிக்குப் போயின. புருவத்தின் ஓரத்தைத் தொட்டு, அதை மெல்ல மேலே தூக்கின. அது அம்மாவின் பெயர். கோபம் வந்தால் அவளுக்கு ஒரு புருவம் மட்டும் ஏறும். அவள் போனபிறகு அந்தப் பெயரை யார் கையிலும் நான் பார்த்ததில்லை; என் கையிலும் வைத்ததில்லை.

விரல்கள் புருவத்திலேயே கொஞ்சநேரம் நின்றன. கீழே இறங்கிவிடுமோ என்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ என்னை முதல்முதலா திட்டினது எதுக்குன்னு தெரியுமா உனக்கு?" என்றார் அப்பா.

தெரியாது என்று தலையாட்டினேன்.

"நீ பிறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி" என்று ஆரம்பித்தார். கைகள் பெரியதாக விரிந்தன. எனக்கு இன்னும் நன்றாகத் தெரிவதற்காகத் தலையணையை இழுத்து அவர் தோளோடு தோளாக நகர்ந்து படுத்தேன்.